வாசிகசாலையில் நாடகமா?

‘மௌனம் காக்கவும்’ என்னும் அறிவிப்பு இல்லாத வாசிகசாலையைக் காண்பது அரிது. சுவரிலே அது தொங்கும். அதன் கீழே நாளிதழை விரித்திருக்கும் முதியவர், நாற்காலியைச் சற்றே ஒலியெழ இழுத்துவிட்ட இளைஞனை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அஞ்சியே நம்மிற் பலர் நல்ல வாசகரானோம். இத்தகைய ஓரிடத்திலே நாடகம் ஆடலாம் என்று ஒருவர் கூறுவாராயின் அவரை நாம் ஐயத்துடன் நோக்குவது இயல்பே. ‘நாடகத்துக்கு மண்டபம் இருக்கிறது, பாடசாலை மேடை இருக்கிறது, கோயில் முன்றில் இருக்கிறது, ஏடுகள் உறங்கும் இடத்தில் கூத்தெதற்கு?’ என்று வினவுவோம்.

வினா நியாயமானதே. எனினும் அதற்கு விடை காணுமுன், எத்தகைய நாடகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். மூன்று மணி நேரம் நிகழும் சரித்திர நாடகம் அன்று. வண்ணத் திரைகளும் பொய்ம்முடியும் அட்டைவாளும் வேண்டுவன அல்ல. பத்து அல்லது பதினைந்து நிமிடத்தில் முடிவது. உள்ளூரவரே எழுதி உள்ளூரவரே நடிப்பது. மேசைகளை ஓரமாக நகர்த்தினாற் கிடைக்கும் இடமே களமாக, சுற்றிலும் அமர்ந்திருப்போரே திரையாக நிகழ்வது. முடிந்தபின் நடித்தவரும் பார்த்தவரும் ஒருங்கிருந்து அதைப் பற்றி உரையாடுவது. இதனைப் பரிசோதனை நாடகம் என்று கற்றோர் வழங்குவர். பெயரைக் கேட்டு மருளவேண்டியதில்லை. ‘இப்படியும் செய்து பார்ப்போமே’ என்னும் துணிவுக்கு இட்ட பெயரே அது.

நூல்நிலையத்திலே இத்தகைய குறுநாடகங்கள் வேரூன்றிய வரலாறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்தது அமெரிக்க நாட்டு நியூயோர்க் நகரில், ஹார்லம் என்னும் பகுதியில். அங்கே 135ஆம் வீதியிலே 1905ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட ஒரு பொது நூல்நிலையக் கிளை இருந்தது. அதனைச் சூழ வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்கள். தென் மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களை விட்டு வேலை தேடி வடக்கே வந்தவர்கள். அக்காலத்து அமெரிக்க மேடையிலே அவர்களைப் பற்றிய நாடகங்கள் இல்லாமற் போகவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் பிறர் எழுதியவை. பிறர் சிரிப்பதற்காக எழுதியவை. தம்மைத் தாமே காணும் மேடை அவர்களுக்கு இல்லை.

அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் இக்குறையை உணர்ந்தார். அந்த நூல்நிலையத்தில் உதவி நூலகராகப் பணியாற்றிய ரெஜினா அண்டர்சன் என்னும் பெண்மணியும் உணர்ந்தார். இவர்கள் முயற்சியால் கிரிக்வா நாடகக் குழு தோன்றிற்று. 1926 மே மாதத்தில் அந்நூல்நிலையத்தின் நிலக்கீழ் அறையில் மூன்று ஓரங்க நாடகங்கள் அரங்கேறின. தம் மக்களின் நாடகத்துக்கு டு போய்ஸ் நான்கு இலக்கணம் வகுத்தார். அது அவர்களைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். அவர்களால் எழுதப்படுதல் வேண்டும். அவர்களுக்காக நிகழ்தல் வேண்டும். அவர்கள் வாழுமிடத்துக்கு அருகில் நிகழ்தல் வேண்டும். இந்த நான்காவது இலக்கணத்தை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நகரின் நடுவே பெருமண்டபத்தில் ஆடினால் ஹார்லத்துச் சலவைத் தொழிலாளி அங்கே செல்லமாட்டாள். தெருமுனை நூல்நிலையத்துக்கு வருவாள்.

இக்குழு நீடிக்கவில்லை. 1927இல் நாடகப் போட்டி ஒன்றிற் கிடைத்த 200 டொலர் பரிசுப் பணத்தை நாடகச் செலவுக்கு ஈடாக எடுத்துக்கொண்டதால், எழுதியவருக்கும் நடித்தவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மனக்கசப்பு விளைந்து குழு கலைந்தது. ஆனால் விதை அழியவில்லை. ரெஜினா அண்டர்சனும் நண்பர்களும் 1929 அளவில் ‘ஹார்லம் பரிசோதனை அரங்கு’ என்னும் பெயரிலே மீண்டும் தொடங்கினர். பகலில் நூல்களை அடுக்கிய அந்தப் பெண்மணி, இரவில் நாடகம் எழுதினார். கறுப்பின மக்கள் கும்பல்களாற் கொல்லப்பட்ட கொடுமையைப் பொருளாகக் கொண்ட அவருடைய நாடகம் ஒன்று 1931இல் அரங்கேறிற்று.

பின்னர் 1940இல் ஏப்ரம் ஹில், பிரெடெரிக் ஓநீல் என்னும் இருவர் அதே நிலக்கீழ் அறையில் ‘அமெரிக்க நீக்ரோ நாடக அரங்கு’ என்னும் குழுவை நிறுவினர். அந்நாளில் அம்மக்கள் தமக்குத் தாமே வழங்கிய பெயர் அது. இக்குழுவின் வாயிலுக்கு ஓர் இளைஞர் வந்தார். பஹாமாத் தீவொன்றிலே தக்காளி பயிரிட்ட ஏழை விவசாயியின் மகன். பள்ளிப்படிப்பு மிகச் சொற்பம். உணவகத்தில் தட்டுக் கழுவிப் பிழைத்தவர். நடிகர் தேவை என்னும் விளம்பரத்தைக் கண்டு வந்தவரிடம் நாடகப் பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டித் தடுமாறினார். வாசிக்கவே தெரியாதவனுக்கு நடிப்பெதற்கு என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அவர் சோர்ந்து போகவில்லை. வானொலிப் பெட்டி ஒன்றை வாங்கி அதில் வருவோரின் பேச்சைக் கேட்டுத் தம் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். உணவகத்திற் பரிமாறிய முதியவர் ஒருவர், இரவு வேலை முடிந்தபின் நாளிதழை விரித்து அவருக்கு வாசிக்கக் கற்பித்தார். மீண்டும் அதே வாயிலுக்குச் சென்றார். ‘சம்பளமில்லாமல் இந்த இடத்தைக் கூட்டித் துப்புரவு செய்கிறேன், பதிலுக்கு நடிப்புக் கற்றுத் தாருங்கள்’ என்று கேட்டு உள்ளே நுழைந்தார். அவரே சிட்னி போய்ட்டியர். சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருதை 1964இல் பெற்ற முதற் கறுப்பினத்தவர், 2022இல் மறைந்தார்.

இவ்வரலாற்றிலே நாம் போற்றுவது அவர் பெற்ற விருதை அன்று. எழுத்தறிவு குன்றிய ஒருவரை எழுத்தின்பால் ஈர்த்தது எது என்பதே நம் கேள்வி. நூல்நிலையத்தின் நூல்கள் அவரை ஈர்க்கவில்லை. அவற்றை அவரால் வாசிக்க இயலவில்லை. நூல்நிலையத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த நாடகம் ஈர்த்தது. அந்த நாடகத்துக்காகவே அவர் வாசிக்கக் கற்றார்.

இனி நம்மவர் கதைக்கு வருவோம்.

பதுளை, கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகையிரதப் பாதை முடியுமிடம். 1924இல் அப்பாதை இங்கு வந்து சேர்ந்தது. நகரைச் சுற்றிலும் ஹாலி-எல, தெமோதரை, பசறை, நமுனுகுலை, லுணுகலை, மடுல்சீமை. அப்பால் பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. அத்தோட்டங்களின் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி நகரத்துக் கல்லூரிகளுக்கு வருகின்றனர். மாலையில் தனியார் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கின்றனர். அவர்களிற் சிலர் அந்த நேரத்தை வாசிகசாலையிலே கழிக்கின்றனர். ஆனால் அவர்களுடைய தாய்மார் நூல்நிலையத்தின் படியை மிதித்ததுண்டா? கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுச் சனிக்கிழமைச் சாமான் வாங்க நகரத்துக்கு வரும் அந்தத் தாய், வங்கிக்குச் செல்கிறாள், ஆஸ்பத்திரிக்குச் செல்கிறாள், கோயிலுக்குச் செல்கிறாள். நூல்நிலையம் மட்டும் தனக்குரிய இடமன்று என்று எவரும் சொல்லாமலே அவள் அறிந்து வைத்திருக்கிறாள்.

இதற்குக் காரணம் அவளுடைய தயக்கம் மட்டும் அன்று. பொது நூல்நிலையங்களை நம் நாட்டில் நடத்துபவை உள்ளூராட்சிச் சபைகள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தாராளமாகப் பணி செய்ய முடியாதவாறு தடையாக நின்றது. 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பதாண்டுக்கு மேலாகத் தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். ஆனால் வீதியும் விளக்கும் நூல்நிலையமும் கேட்டபோது, ‘அது கம்பனியின் காணி’ என்னும் பதிலே பெரும்பாலும் கிடைத்தது. இன்று சட்டத்தின் கதவு திறந்துவிட்டது. மனத்தின் கதவையும் திறக்கவேண்டாமா?

நாடகம் அதற்குத் தக்க கருவி என்று நாம் கூறுவதற்குக் காரணம், நாடகம் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று என்பதே. மாசி மாதம் பிறந்தாற் பல தோட்டங்களில் காமன் கூத்து களைகட்டும். அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றப்படும். தப்பு முழங்க, ஆண்களே இரதியும் மன்மதனுமாக வேடந்தரித்து ஆடுவர். சிவபெருமானின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவதும், வேண்டாமென்று இரதி தடுப்பதும், நெற்றிக்கண்ணின் தீயில் அவன் எரிவதும், இரதி புலம்புவதும் நாட்கணக்கில் நிகழும். பௌர்ணமியையொட்டிக் காமன் தகனம் நடைபெறும். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இவ்வாறே ஆடப்படுவன. அருச்சுனனாக வேடமிட்டவர் உயர்ந்த தபசுக் கம்பத்திற் பாடிக்கொண்டே ஏறும்பொழுது, கீழே நிற்கும் முழுத் தோட்டமும் மூச்சை அடக்கி நிற்கும்.

இக்கூத்துகளுக்கு மேடையுண்டா? இல்லை, லயத்து முற்றமே களம். திரையுண்டா? இல்லை. பார்ப்போர் வேறு, ஆடுவோர் வேறு என்னும் பிரிவாவது உண்டா? அதுவும் முழுதாக இல்லை. இரதியின் புலம்பலுக்குப் பாட்டிமார் உடன் அழுவர். இருபதாம் நூற்றாண்டின் பரிசோதனை நாடகக்காரர்கள் எவற்றைப் புதுமை என்று கண்டுபிடித்தார்களோ, அவற்றுட் பல நம் மக்களின் முற்றத்தில் நெடுங்காலமாக நிலவி வருகின்றன.

இவ்வுண்மையை அவர்களுள் சிலர் ஒப்புக்கொண்டும் இருக்கின்றனர். வங்காளத்து நாடகாசிரியர் பாதல் சர்க்கார், தொழிலால் நகரமைப்புப் பொறியியலாளர். 1967இல் ‘சதாப்தி’ என்னும் குழுவைத் தொடங்கி முதலில் மேடையில் ஆடினார். பின்னர் மேடையைத் துறந்தார். நாட்டுக்கூத்து ஒன்று, மேனாட்டு வழிவந்த நகர மேடை மற்றொன்று. இவ்விரண்டிலிருந்தும் கற்று எளிமையான மூன்றாவது அரங்கு வேண்டும் என்றார். அறைகளிலும் பூங்காக்களிலும் சிற்றூர்களிலும் ஆடினார். தமிழ்நாட்டுப் புதுநாடகக் குழுக்கள் பலவும் அவருடைய பட்டறையிற் பாடம் கேட்டன. நம் நாட்டிலே, ஆங்கில விரிவுரையாளராயிருந்த காமினி ஹத்தொட்டுவேகம 1974இல் வீதி நாடகத்தைத் தொடங்கிச் சிங்கள நாடகத்தைச் சந்தைக்கும் தெருவுக்கும் கொண்டு வந்தார். பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் 2004இல் தொடங்கிய ‘ஜனகரளிய’ என்னும் மக்கள் களரி, சுமந்து செல்லக்கூடிய அரங்கோடு ஊரூராகச் சென்றது. அக்களரியிலே சிங்கள இளைஞரும் தமிழ் இளைஞரும் ஒன்றாகத் தங்கி, இரு மொழிகளிலும் நடித்தனர்.

நம் மலைநாட்டிலும் கலையைப் பணிக்கு அழைத்த முன்னோர் உளர். தோட்டத் தொழிலாளருக்காக முதன்முதற் சங்கம் கண்ட கோ. நடேசய்யர், பத்திரிகை நடத்தியதோடு நில்லாது தொழிலாளர் வாழ்வைப் பொருளாக்கி நாடகமும் எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை, மக்கள் அறிந்த மெட்டுகளிலே பாட்டெழுதிக் கூட்டங்களிற் பாடினார்; அப்பாட்டுகள் 1940இல் சிறு நூலாகவும் வெளிவந்தன. சொற்பொழிவைக் கேட்கத் தயங்கியவரும் பாட்டைக் கேட்க நின்றனர் என்பதை அந்த அம்மையார் அறிந்திருந்தார்.

இனி, நம் வகுப்பறையிலே கண்ட ஒன்றைக் கூறுகிறோம். ஹாலி-எலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அவர்களை வாசகர் அறிவர், 2022இல் மறைந்தார். அவருடைய ‘மீன்கள்’ என்னும் சிறுகதை, லயத்தின் ஓரறையிலே ஒரு குடும்பம் படும் இடநெருக்கடியைப் பொருளாகக் கொண்டது. அதைப் படித்த மாணவருட் சிலருக்கு அக்கதையின் வேதனை புலப்படவில்லை. ‘இதில் என்ன இருக்கிறது?’ என்றனர். நாம் சுண்ணக்கட்டியை எடுத்து, வகுப்பறைத் தரையிலே பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு கட்டம் கீறினோம். ஆறு மாணவரை அதனுள்ளே நிற்கச் செய்தோம். ஒருவர் பாட்டி, ஒருவர் தந்தை, ஒருவர் தாய், மூவர் பிள்ளைகள். ‘இப்பொழுது இரவு. எல்லோரும் படுக்கவேண்டும். அடுப்பு இங்கே’ என்றோம். முதலிற் சிரிப்பு எழுந்தது. பின்னர் சிரிப்பு அடங்கிற்று.

அப்பொழுது கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து வந்தான். வகுப்பில் வாய் திறவாதவன். எந்தத் தோட்டம் என்று எவரேனும் கேட்டால், பஸ் நிற்கும் சந்தியின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்பவன். ‘சேர், அடுப்பு அந்தப் பக்கம் வராது, காற்று அடிச்சால் புகை எல்லாம் உள்ளுக்குத்தான் வரும். பாட்டி இஸ்தோப்பிலதான் படுப்பா’ என்றான். சொல்லிவிட்டுத் தானே பாட்டியை நகர்த்தினான். தண்ணீர்க் குடம் எங்கே, புத்தகப்பை தொங்கும் ஆணி எங்கே, மழை நாளில் ஒழுகுமிடம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். நகரத்துப் பிள்ளைகள் அவனிடம் கேள்வி கேட்டனர். அவன் விடை சொன்னான். அன்று அவ்வகுப்புக்கு ஆசிரியன் அவனே. எதை மறைக்கவேண்டும் என்று அதுகாறும் நினைத்திருந்தானோ, அதுவே அவனுடைய அறிவாக மாறிற்று.

பதினைந்து நிமிடத்திலே ஒரு சுண்ணக்கட்டிக் கட்டம் இதைச் செய்யுமாயின், நூல்நிலையத் தரையிலே, அவனுடைய தாயும் தந்தையும் அமர்ந்திருக்க, சிங்கள அயலவரும் முஸ்லிம் வர்த்தகரும் வங்கி அலுவலரும் சூழ்ந்திருக்க, அதே கட்டம் என்ன செய்யாது? லயம் என்பது என்ன என்பதைச் சாலையிலிருந்து மட்டுமே கண்டவர்கள் பதுளை நகரிற் பலர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த பொழுது நாடே அழுதது. அழுகை சில வாரத்தில் ஓய்ந்தது. அம்மக்கள் அந்தச் சரிவில் ஏன் வாழ்ந்தனர் என்னும் கேள்வி செய்தித்தாளோடு மடிக்கப்பட்டுவிட்டது. அத்தகைய கேள்விகளை மீண்டும் விரித்து வைக்க, கத்தாமலும் தூற்றாமலும் எடுத்துரைக்கும் ஒரு நாடகத்துக்கு இயலும்.

இதற்குச் சொல்லப்படும் தடைகளையும் நேர்மையாக ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, அமைதி. படிக்க வருபவரின் உரிமையைக் கூத்துக்காரர் பறிக்கலாகாது. இதை நாம் முற்றிலும் ஏற்கிறோம். ஆகவே வாசிப்பு நேரம் முடிந்தபின்னரோ, தனியறை இருப்பின் அவ்வறையிலோ நிகழட்டும். ஹார்லத்திலும் நிலக்கீழ் அறையிலேதான் ஆடினர். மேலே வாசிப்பு நடந்தது. நூலக இயலின் தந்தையெனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் இறுதியானது, நூல்நிலையம் வளர்ந்துகொண்டேயிருக்கும் ஓர் உயிர் என்பது. அதே ஆண்டிலே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமத்துக்குக் கொண்டு சென்றனர். நூல் வண்டியேறிச் செல்லலாமெனின், நாடகம் படியேறி வருவதிலே தவறென்ன?

இரண்டாவது தடை, பெரியோர் கூறுவது; அதனை எளிதிலே தள்ளிவிட இயலாது. ‘காமன் கூத்து விரதமிருந்து ஆடுவது. அதைப் பதினைந்து நிமிடமாக நறுக்கி நகரத்தாருக்கு வேடிக்கை காட்டுவதா?’ என்பர். அவர்கள் கூற்று சரியே. கம்பம் ஊன்றி, நோன்பிருந்து, தோட்டம் முழுவதும் கூடி ஆடுவதை அதன் மண்ணிலிருந்து பெயர்த்தல் தகாது. நாம் வேண்டுவது அதனை நறுக்குவதன்று, அதனிடம் கற்பது. தப்பின் அடியை, இரதி மன்மதனோடு வாதிடும் முறையை, பார்ப்போரை ஆட்டத்துக்குள் இழுக்கும் உத்தியைக் கற்று, இன்றைய கதையைப் புதிதாக ஆடலாம். மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்ற மனைவிக்கும் தோட்டத்தில் நின்ற கணவனுக்கும் இடையே தொலைபேசியில் நிகழும் வாக்குவாதம் ஒரு நாடகம். கொழுந்து நிறுக்கும் தராசின் முன் நிற்கும் ஒரு பெண்ணின் மௌனம் மற்றொரு நாடகம். மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிய கடிதத்தை வாசிக்கத் தெரியாத தகப்பன், அதை யாரிடம் கொண்டு செல்வது என்று தயங்கும் வேளை பிறிதொரு நாடகம்.

மூன்றாவது, மொழி. பதுளை நூல்நிலையத்துக்கு வருவோரிற் பெரும்பாலோர் சிங்களம் பேசுவோர். தமிழ் நாடகம் அவர்களுக்கு விளங்குமா என்பர். கதைச் சுருக்கத்தைத் தொடக்கத்திலே சிங்களத்தில் ஒருவர் கூறிவிடலாம். ஒரு நாள் தமிழ்க் குழு, மறுநாள் சிங்களக் குழு என்று மாறி மாறியும் ஆடலாம். மௌனத்திலே நடிக்கும் பகுதிக்கு எம்மொழியும் வேண்டியதில்லை. மக்கள் களரி இதைச் செய்து காட்டிவிட்டது. எனவே இது இயலாதது என்று கூறுவதற்கு இடமில்லை.

நான்காவது, பெற்றோரின் அச்சம். பெண்பிள்ளைகள் மாலைப் பொழுதில் ஒத்திகைக்கு நிற்பதா என்பர். இவ்வச்சத்தை நாம் பழிக்கமாட்டோம். நிகழ்ச்சியும் ஒத்திகையும் ஞாயிறு பகலிலே நடந்து, மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் செல்லும் பஸ்ஸைப் பிடிக்கத்தக்கதாக முடிதல் வேண்டும். பெற்றோரையும் உடன் அழைத்தல் வேண்டும். பெண்ணின் வாழ்வைப் பெண்ணே எழுதி நடிக்கும் நாள், இரதியாக ஆணே வேடமிட்ட மண்ணிலே ஒரு புதிய நாளாக இருக்கும்.

தடைகளுக்கு விடை சொன்னோம். செயல்முறைக்கும் சில யோசனை கூறுவோம்.

நாடகம் ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடத்தைத் தாண்டலாகாது. ஒரு நாளைக்கு மூன்று போதும். ஒவ்வொன்றின் முடிவிலும் உரையாடலுக்கு நேரம் ஒதுக்குதல் வேண்டும். அவ்வுரையாடலிலே பிரமுகர் உரைக்கு இடமில்லை. மாலை மரியாதையும் பொன்னாடையும் வேண்டா. பரிசும் வேண்டா. பாடசாலைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் பல நல்ல நடிகரை உருவாக்கியுள்ளன; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் போட்டி நாடகம் நடுவரை நோக்கி ஆடப்படுவது. இங்கே ஆடுபவர் அயலவரை நோக்கி ஆடட்டும். செலவு எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று கணக்கைச் சுவரிலே எழுதி ஒட்டுதல் நன்று. 200 டொலருக்காகக் கலைந்த குழுவின் பாடத்தை மறவாதிருப்போம்.

நிகழ்ச்சி நடக்கும் அறையிலே, அப்பொருளைத் தழுவிய நூல்களை ஒரு மேசையில் விரித்து வைத்தல் வேண்டும். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்த சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் முதலியோரின் நூல்கள் அங்கே இருக்கட்டும். ஆட்டம் முடிந்து புறப்படும் பிள்ளை ஒரு நூலையேனும் புரட்டிப் பார்க்கும். பிள்ளையின் பெயரில் அங்கத்துவ விண்ணப்பத்தை அன்றே நிரப்பிக் கொடுக்க ஒருவர் அமர்ந்திருத்தல் வேண்டும். இரவல் பெறுவதற்குப் பிணையொப்பம் கேட்பது பல நூல்நிலையங்களின் வழக்கம்; தோட்டத்துப் பெற்றோர் அதற்காக எவர் வாயிலில் நிற்பர்? ஆசிரியராகிய நாமே அப்பிணையை ஏற்க முன்வருதல் நம் கடமை.

இன்னுமொன்று. தோட்டங்களில் கூத்துப் பழக்கும் முதியவர்களிடம் பழைய கொப்பிகள் உண்டு. பெட்டியின் அடியிலே, செல்லரித்து, மழையில் நனைந்து கிடக்கின்றன. அவர் மறைந்தால் அவையும் மறையும். யாழ்ப்பாணத்துப் பொது நூல்நிலையம் 1981இல் எரிந்தபொழுது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அத்தீயை நாம் மறக்கவில்லை. தீயில்லாமலும் ஏடுகள் அழியும். நாடகம் ஆட வரும் இளைஞர் அக்கொப்பிகளை முதியவரின் இசைவோடு படியெடுத்து, அவர் பெயரிலேயே நூல்நிலையத்தில் வைப்பாராயின், கூத்துக்கும் ஒரு தட்டிலே இடம் கிடைக்கும். புதிதாக எழுதும் குறுநாடகங்களின் பிரதிகளும் அதனருகே சேரட்டும். வாசிகசாலை தோட்டத்துக்குக் கொடுப்பது மட்டும் போதாது; தோட்டத்திடமிருந்து அது பெறவேண்டியதும் நிறைய இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். ஹார்லத்துக் குழுவின் நாடகம் ஒன்று 1944இல் பெரும் புகழ் பெற்று, நகரின் பெருமேடைகள் அமைந்த புரோட்வேக்குச் சென்றது. அங்கே 900 தடவைக்கு மேல் ஆடப்பட்டது. நல்ல நடிகர்கள் அதைத் தொடர்ந்து சென்றனர். நிலக்கீழ் அறையிலே ஆடத் தொடங்கிய குழு மறு ஆண்டே அந்த இடத்தை விட்டு அகன்று, அடுத்த சில ஆண்டுகளில் கலைந்தது. பெருமேடை அழைக்கும்பொழுது எவரையும் போகாதே என்று தடுக்கமுடியாது, தடுத்தலும் முறையன்று. ஆனால் ஒருவர் செல்லும்போது இருவரைப் பழக்கி வைத்துச் செல்லுதல் என்னும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது நன்று. நம் கூத்து வாத்தியார்கள் அப்படித்தான் கலையைக் காத்தனர்.

மாணவ நண்பர்களே! இதற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. ஒரு சுண்ணக்கட்டி, ஒரு தப்பு, எழுதப்பட்ட நான்கு பக்கம், நான்கு நண்பர், இவை போதும். உங்கள் வீட்டிலே நேற்று நிகழ்ந்த ஒரு பேச்சை அப்படியே எழுதிப் பாருங்கள். எழுதியதை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எங்கே பொய் ஒலிக்கிறது என்று உங்கள் தாயாரைக் கேளுங்கள்; அவர் சரியாகச் சொல்லுவார். பின்னர் நூலகரை அணுகி, பணிவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வேண்டுங்கள். முதல் விண்ணப்பத்துக்கு இசைவு கிடைக்காவிடில் இரண்டாவதை எழுதுங்கள்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை நாடகம் என்று சொன்னால் படிப்புக் கெடும் என்று உடனே தடுத்துவிடாதீர்கள். அன்று மட்டும் சாமான் வாங்கும் பையோடு நீங்களும் சென்று, நூல்நிலையத்தின் முன்வரிசையிலே அமருங்கள். அது உங்கள் வரிப்பணத்தில், உங்கள் உழைப்பின் பயனில் எழுந்த இடம்.

அடுத்த மாசி வருமுன் ஊவாவின் ஏதேனும் ஒரு வாசிகசாலையில் இத்தகைய முயற்சி ஒன்று தொடங்குமாயின், ‘மௌனம் காக்கவும்’ என்னும் அறிவிப்பை எவரும் கழற்றவேண்டியதில்லை. அது அங்கேயே தொங்கட்டும். நாடகம் தொடங்கும்பொழுது பார்ப்போருக்கும் அது பயன்படும்.